காக்கிக்கு எத்தனை சென்டிமீட்டர்? காவலர் உடற்தகுதி குறித்த கேள்வி பதில்

காவலர் பயிற்சியில் கவாத்துப் பயிற்றுநராகப் பல ஆண்டுகள் மைதானத்தில் நின்றவன் என்ற முறையில், வந்த கேள்விகளுக்கு என்னால் இயன்ற பதில்களைத் தருகிறேன்.

கேள்வி: ஐயா, என் உயரம் 168.5 செ.மீ. தொங்கிப் பழகினால் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குள் 170 ஆகிவிடுமா? (விழுப்புரம்)

ஆகாது, தம்பி. வளர்ச்சி முடிந்த எலும்பு தொங்குவதால் நீளாது. இரவு முழுவதும் படுத்திருந்து எழும்போது முதுகெலும்பின் இடைத்தட்டுகள் சற்று உப்பியிருப்பதால் காலையில் ஏறக்குறைய ஒரு செ.மீ. கூடுதலாகக் காட்டும், மாலைக்குள் அது இறங்கிவிடும். ஆகவே 168.5 என்பது எந்த வேளையில் அளந்தது என்பதை முதலில் பாருங்கள். ஆண்களில் பொதுப் பிரிவினர், பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 170 செ.மீ.; ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 167 செ.மீ. வேடிக்கை என்னவென்றால், ஐ.பி.எஸ். அதிகாரி ஆவதற்கு ஆண்களுக்கு 165 செ.மீ. போதும். உத்தரவிடுபவரைவிட அதை நிறைவேற்றுபவர் உயரமாக இருக்க வேண்டும் என்பதற்கு எனக்கு இதுவரை யாரும் காரணம் சொன்னதில்லை.

கேள்வி: காவலர் என்றால் உயரமாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? (மதுரை)

1829-இல் லண்டனில் பெருநகரக் காவல் படை தொடங்கப்பட்டபோது, சேருபவருக்குக் குறைந்தது 5 அடி 7 அங்குலம் வேண்டும் என்று வைத்தார்கள். அதை இன்றைய அளவில் மாற்றினால் ஏறத்தாழ நம் 170 செ.மீ.தான் வருகிறது. துப்பாக்கி இல்லாமல் தடியை மட்டும் நம்பி வீதியில் நடந்த அந்தக் காவலருக்கு உருவமே பாதி ஆயுதமாக இருந்தது. அவர்களுடைய வலிமைக்கு ஒலிம்பிக் சாட்சியே உண்டு: 1908-இல் லண்டனில் நடந்த கயிறு இழுக்கும் போட்டியில் லண்டன் நகரக் காவல் அணி தங்கமும், லிவர்பூல் காவல் அணி வெள்ளியும், லண்டன் பெருநகரக் காவலின் கே பிரிவு வெண்கலமும் வென்றன. மூன்று பதக்கமும் காவலர்களுக்கே. லிவர்பூல் அணியின் கனத்த பூட்ஸைக் குறித்து அமெரிக்க அணி தகராறு செய்து விலகியதும் அந்தப் போட்டியில்தான். நான்கு ஆண்டுகள் கழித்து ஸ்டாக்ஹோமில், அந்நகரக் காவலர்களிடம் லண்டன் காவலர்கள் தோற்றார்கள்.

அதே பிரிட்டன் இன்று காவலரின் உயரத்தைக் கேட்பதே இல்லை. 15 மீட்டர் இடைவெளியில், மணி ஒலிக்கும் வேகத்திற்கு ஏற்ப முன்னும் பின்னுமாக மூன்றரை நிமிடத்திற்குச் சற்று அதிகமாக ஓடச் சொல்கிறார்கள். மொத்தத் தூரம் 525 மீட்டர்தான். என் கணக்கில் அளவுகோலைவிட இந்த ஓட்டம் நேர்மையானது.

கேள்வி: மார்பளவில் தோற்றுவிட்டேன். சாதாரணமாக 82 செ.மீ. இருக்கிறது, மூச்சிழுத்தால் 85-க்கு மேல் போகவில்லை. (தருமபுரி)

சாதாரண நிலையில் 81, விரியும்போது 5 செ.மீ. கூடுதல் என்பது விதி. உங்களுக்கு 82 இருப்பதால் 87 வரை விரிய வேண்டும். உங்களைப் போன்றவர்களில் பலர் தோளைத் தூக்கி, வயிற்றை உள்ளிழுத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். தோள் உயர்ந்தால் நாடா நழுவுமே தவிர விலா விரியாது. இரு உள்ளங்கைகளையும் விலாவின் பக்கவாட்டில் வைத்து, கைகளை வெளியே தள்ளும்படி மூச்சிழுத்துப் பழகுங்கள்.

கேள்வி: 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க முடியவில்லை. மூன்றாவது சுற்றில் கால் நின்றுவிடுகிறது. (சிவகங்கை)

முதல் சுற்றை எத்தனை நொடியில் ஓடுகிறீர்கள் என்று எழுதவில்லை; ஆனால் ஊகிக்க முடிகிறது. 400 மீட்டர் தடத்தில் 1500 என்பது மூன்றே முக்கால் சுற்று. 420 நொடியை அதில் வகுத்தால் ஒரு சுற்றுக்கு 112 நொடி, அதாவது 1 நிமிடம் 52 நொடி கிடைக்கிறது. கூட்டத்தோடு விசில் ஊதியதும் பையன்கள் 80 நொடியில் முதல் சுற்றைப் பறந்து முடிக்கிறார்கள். இரண்டாவதில் வாய் பிளக்கிறது, மூன்றாவதில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். முதல் சுற்றை 105 நொடிக்குக் குறையாமல் ஓடப் பழகுங்கள். பின்னால் விழுந்துவிட்டோமோ என்று நெஞ்சு பதைக்கும், பதைக்கட்டும்.

கேள்வி: ஓட்டத்திற்கு முன் ஊக்க மாத்திரை எடுக்கலாமா? ஜிம்மில் சொல்கிறார்கள். (சேலம்)

கூடாது. 2024-இல் ஜார்க்கண்டில் கலால் காவலர் தேர்வின் 10 கி.மீ. ஓட்டத்தின்போது பத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் இறந்தார்கள். வெயிலும் நீரிழப்பும் சேர்ந்த உடலில் எந்த மாத்திரை எப்படி வேலை செய்யும் என்பதை ஜிம் மாஸ்டர் அறிய மாட்டார்.

கேள்வி: பெண்களுக்கு அளவைக் குறைத்தது சலுகையா? (திருச்சி)

இல்லை, அம்மா. பெண்களுக்கு 159 செ.மீ., ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 157 செ.மீ.; 400 மீட்டரை இரண்டரை நிமிடத்தில் ஓட வேண்டும். நம் பெண்களின் சராசரி உயரத்தோடு ஒப்பிட்டால் 159 என்பது எளிய தடையன்று. 1973-இல் தமிழகக் காவல் துறையில் பெண்கள் சேர்க்கப்பட்டபோது, இவர்களால் இந்த வேலை முடியுமா என்று எழுந்த ஐயம் இன்றும் உருமாறி வருகிறது, அவ்வளவுதான்.

கேள்வி: சேரும்போது இவ்வளவு பார்க்கிறார்கள், பிறகு தொப்பை எப்படி வருகிறது? (சென்னை)

பயிற்சியில் விடியற்காலை ஓட்டமும் கவாத்தும் கயிறேற்றமும் ஒரு நாளும் தப்பாது. நிலையத்திற்குப் போனபின் பந்தோபஸ்தில் நள்ளிரவு வரை நின்று, கிடைத்த நேரத்தில் கிடைத்த பரோட்டாவைத் தின்று, தூக்கத்தைப் பகலில் துண்டு துண்டாகத் தூங்குகிறவனுக்கு உடம்பு எப்படி நிற்கும்? பிரிட்டனில் பணியில் இருப்பவருக்கும் ஆண்டுதோறும் அந்த ஓட்டச் சோதனை உண்டு. இங்கும் அதைக் கொண்டுவரலாம். ஆனால் பணி நேரத்தை ஒழுங்குசெய்யாமல் சோதனையை மட்டும் கொண்டுவந்தால், அது இன்னொரு தண்டனைக் கவாத்தாகத்தான் முடியும்.