வாசகர் கேள்வி – பதில்: கொழுந்து மடுவத்தில் ஒரு கிறிஸ்தவர்

கேள்வி: இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பகுதித் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து நிறுக்கும் வேலையில் இருக்கிறேன். ஞாயிறு ஆராதனை தவறுவதில்லை. வாசலில் வசனப் பலகையும் மாட்டியிருக்கிறேன். ஆயினும், விசுவாசம் அன்றாட வாழ்வில் பிறர் காண விளங்க வேண்டும் என்று எங்கள் போதகர் சொன்னது மனத்தை உறுத்துகிறது. பறித்த கொழுந்தை நிறுக்கும் மடுவத்தில் ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று சில கிலோவைக் கழிப்பது வழக்கம். அது நியாயமான அளவைவிட அதிகம் என்பதை நான் அறிவேன். தொழிலாளரில் பெரும்பாலோர் இந்துக்கள். அவர்கள் முன் நான் எவ்வாறு சாட்சியாக வாழ்வது? வேலையை விட்டுவிட வேண்டுமா?

பதில்: வேலையை விட வேண்டியதில்லை. யோவான் ஸ்நானகனிடம் வரி வசூலிக்கும் ஆயக்காரர் வந்து, தாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டபோது, அவர் அவர்களைச் சாவடியை விட்டுப் போகச் சொல்லவில்லை. கட்டளையிடப்பட்டதற்கு அதிகமாக ஒன்றும் வாங்க வேண்டாம் என்றே சொன்னார் (லூக்கா 3). உங்களுக்குரிய சொல்லும் அதுதான்.

மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர், மனிதர் உங்கள் நற்கிரியைகளைக் காணும்படி உங்கள் வெளிச்சம் பிரகாசிக்கட்டும் என்கிறார். அடுத்த அதிகாரத்திலேயே, மனிதர் காண வேண்டும் என்று தர்மம் செய்யாதிருங்கள் என்கிறார். இரண்டையும் சேர்த்து வாசித்தால், செய்கிறவருக்குப் பெயர் தேடித் தருகிற காரியத்தை மறைவில் வைக்க வேண்டும் என்பதும், அடுத்தவருக்கு நியாயம் கிடைக்கிற காரியம் எல்லோரும் காண நடக்க வேண்டும் என்பதும் எனக்குப் புலப்படுகிறது. வசனப் பலகை இருக்கட்டும். ஆனால் கொழுந்துக்காரப் பெண்கள் தினமும் கவனிப்பது உங்கள் வாசலையல்ல, உங்கள் தராசின் முள்ளைத்தான்.

அவர்களுடைய நிலையிலிருந்து இதைப் பாருங்கள். காலையில் பெரட்டுக்கு (வேலைக்குப் பெயர் பதியும் அணிக்கு) நின்று, அட்டைக்கடியோடும் மழையோடும் சரிவில் ஏறி இறங்கி, சாக்கை இறக்கி வைக்கிற பெண்ணுக்கு நிர்ணயித்த அளவில் ஒரு கிலோ குறைந்தாலும் முழுப்பேர் (முழுநாள் கூலி) அரைப்பேராகிவிடக்கூடும். நாட்சம்பளம் 1,000 ரூபாவாக 2021 இல் உயர்வதற்கே ஆண்டுக்கணக்கில் குரல் கொடுக்க வேண்டியிருந்த மக்கள் இவர்கள். கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது என்கிறது நீதிமொழிகள். வயல்களை அறுத்தவர்களுடைய பிடிக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதியதை நம் மலைகளில் நின்று வாசிக்கும்போது, அது அந்நியமான சொல்லாகத் தோன்றுவதில்லை.

ஈரத்துக்குக் கழிப்பதே பாவம் என்று நான் சொல்லவில்லை. மழை நாளில் இலையில் தண்ணீர் இருக்கத்தான் செய்யும். சாக்குக்கும் எடை உண்டு. எவ்வளவு கழிக்கப்படுகிறது என்பதை நிறுக்கும் முன்பே எல்லோருக்கும் ஒரே அளவாக அறிவியுங்கள். தராசின் முகத்தை அவர்கள் பக்கம் திருப்பி வையுங்கள். நிறையை உரக்க வாசித்த பிறகே பதிவு செய்யுங்கள். கூடுதலாகக் கழிக்கும்படி மேலிடம் சொல்லுமானால், தனியாகப் போய் மோதாமல், தோட்டத் தலைவரையும் உடன் பணிபுரிவோரையும் அழைத்துக்கொண்டு தோட்ட நிர்வாகியான துரையிடம் மரியாதையோடு பேசுங்கள். இதனால் உங்களுக்கு இடையூறு வரலாம். வராது என்று நான் உறுதி கூற மாட்டேன்.

இன்னொன்றையும் நினைவில் கொள்ளுங்கள். தோட்டத் தொழிலாளருக்கென அங்கிலிக்கன் சபையினர் 1854 இல் தொடங்கிய மிஷன் துரைமாரின் ஆதரவோடு நடந்தது. அதனால் பலருக்கு நன்மை விளைந்தது. ஆயினும், சிலுவை துரையின் பக்கம் நிற்கிறது என்ற எண்ணம் தொழிலாளர் குடியிருக்கும் லயன்களில் எழுந்திருந்தால் அதற்காக மக்களைக் குறை சொல்ல முடியாது. 1972 இல் கண்டியில் சத்தியோதயம் என்ற சமூகப் பணி மையத்தை நிறுவிய இயேசு சபைத் துறவி போல் கஸ்பர்ஸ், தோட்டத் தமிழரோடும் அயல் கிராமச் சிங்களவரோடும் சேர்ந்து உழைத்து, அந்தச் சிலுவை வேறு இடத்திலும் நிற்கக்கூடும் என்று காட்டினார். நீங்கள் நிறுக்கும் இடத்திலும் அது தொழிலாளியின் பக்கம் நிற்கலாம்.

கேள்வி: தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் ஒதுங்கி நிற்பதுதான் சாட்சியா? (தலவாக்கலை வாசகி)

பதில்: வழிபாட்டில் பங்கேற்பதில்லை என்றால் அதைப் பணிவோடு சொல்லிவிடுங்கள், அயலார் அதை மதிப்பார்கள். ஆனால் தேர் வரும் பாதையைத் துப்புரவாக்கவும், வெயிலில் நடந்து வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கவும், திருவிழாவுக்குப் போகும் பக்கத்து லயன் தாயின் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் எந்தத் தடையும் இல்லை. படைத்த உணவை உண்பதைப் பற்றி கொரிந்து சபையிலேயே கருத்து வேறுபாடு இருந்தது. உங்கள் மனச்சாட்சிப்படி நடந்துகொள்ளுங்கள், உண்கிறவரைக் குற்றவாளியாக்காதீர்கள். அவர்களை உங்கள் நத்தார் ஒளிவிழாவுக்கு அழைக்கும்போது, முதல் வரிசையில் உட்கார வையுங்கள்.