எம்.டி.க்கு 5, ஊருக்கு 2

கேள்வி: எம்.டி.க்கு கோடி கோடியா சம்பளம் குடுக்குற கம்பெனி சமூக சேவைக்கும் அள்ளிக் குடுக்குமா? தலைமையில பொண்ணு இருந்தா கூடுதலா செய்வாங்களாமே, நிஜமா? – ஈரோடு வாசகி

பதில்: நம்ம நாட்டுல ரெண்டும் ஒரே பானையில இருந்து எடுக்குற சோறும்மா. 2013 கம்பெனி சட்டத்தோட 198வது பிரிவுப்படி லாபத்தைக் கணக்குப் போட்டு, அதுல ஒரே எம்.டி.ன்னா 5 சதவீதம் வரைக்கும் சம்பளம், சிஎஸ்ஆர் (கம்பெனிங்க சட்டப்படி பண்ற சமூக சேவை செலவு) வரம்புக்குள்ள வர்ற கம்பெனின்னா மூணு வருஷ சராசரி லாபத்துல 2 சதவீதம் சமூகத்துக்கு. வருஷம் 100 கோடி லாபம்னு வெச்சுக்குங்க, அவருக்கு 5 கோடி, ஊருக்கு 2 கோடி. அதுலயும் அந்த 5-ஐ ஷேர்ஹோல்டர்ங்க ஸ்பெஷல் தீர்மானம் போட்டு தாண்டிக்கலாம், இந்த 2-ஐ தாண்டுங்கன்னு யார் தீர்மானம் போடப் போறாங்க சொல்லுங்க!

அதனால சம்பளம் எவ்வளவுங்கிறதை விட போனஸ் எதுக்குன்னு பாக்கணும். இந்த வருஷ லாபத்துக்கு மட்டும்தான் போனஸ்னா சாயக்கழிவைச் சுத்தம் பண்ற பிளான்ட்டுக்கு புது மெஷின் வாங்குற செலவு அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப் போகும், அந்தச் செலவை சிஎஸ்ஆர் கணக்குலயும் காட்ட முடியாது, ஏன்னா சொந்தத் தொழிலுக்குப் பண்றது அதுல சேராது. பள்ளிக்கூடத்துக்கு பெஞ்ச் வாங்கிக் குடுத்தா சேரும், போட்டோவும் வரும்.

பெண்கள் விஷயம். டைரக்டர் போர்டுல பெண்கள் இருக்குற கம்பெனிங்க சமூக சேவையில கொஞ்சம் மேலதான் நிக்குதுன்னு நிறைய ஆராய்ச்சி சொல்லுது, ஆனா பெரிய கம்பெனிங்கதான் பெண்களையும் சேர்க்கும், செலவும் பண்ணும், இதுல எது காரணம் எது விளைவுன்னு பிரிக்கிறது கஷ்டம். ஷேர் மார்க்கெட்ல லிஸ்ட் ஆன கம்பெனின்னா ஒரு பெண் டைரக்டராவது வேணும்னு சட்டம் வந்தப்போ பல இடத்துல முதலாளி வீட்டம்மாவையே உக்கார வெச்சாங்க, அப்புறம்தான் ஷேர் மார்க்கெட்டைக் கண்காணிக்கிற செபி, முதலாளி குடும்பத்தோட சம்பந்தமில்லாத சுயேச்சையான பெண் டைரக்டர் வேணும்னு 2019-ல சந்தை மதிப்புல முதல் 500 கம்பெனிக்கும் 2020-ல முதல் 1000 கம்பெனிக்கும் கட்டாயமாக்குச்சு. பத்து ஆம்பளைங்களுக்கு நடுவுல ஒத்த ஆளா உக்காந்தா என்ன பேசிட முடியும், மூணு பேராவது இருந்தாத்தான் குரல் எடுபடும்ங்கிறது என் கட்சி.

உங்ககிட்ட ஷேர் இருந்தா ஆண்டறிக்கையில சிரிக்கிற குழந்தைங்க படத்தைத் தாண்டி பின்னாடி இணைப்புக்குப் போங்க. சம்பள வரிசையில நடுவுல நிக்கிற ஊழியரை விட எம்.டி. எத்தனை மடங்கு வாங்குறார்னு இருக்கும். சிஎஸ்ஆர் கமிட்டில யார் யார்னும் இருக்கும், அதுல பெண் பேர் இருந்தா சேர்மன் பேரோட வெச்சு ஒரு தடவை பாத்துடுங்க.