காரின் சிம்மைக் கழற்றலாமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

2025 பெப்ரவரியில் இலங்கையில் வாகன இறக்குமதி திரும்பத் திறந்ததிலிருந்து எனக்கு வரும் கேள்விகளே மாறிவிட்டன. முன்பு எல்லோரும் லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும் என்று கேட்டார்கள், இப்போது உள்ளே இருக்கும் சிம் வழியாகக் கார் எங்களை உளவு பார்க்குமா என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

அண்ணா, ஜப்பானில் இருந்து வந்த 2022 டொயோட்டா வாங்கினேன். விற்றவர் “இதில சிம்மே இல்லை” என்கிறார். கூரையில் சுறாத் துடுப்பு மாதிரி ஒன்று நிற்கிறதே? (வெள்ளவத்தை)

கையால் கழற்றும் சிம் இல்லை என்றால் சரி, அது காரின் தொடர்புப் பெட்டிக்குள்ளேயே பொருத்தி வரும். டிசிஎம் என்ற அந்தத் தொடர்புப் பெட்டியை டொயோட்டா 2018 இல் ஜப்பானில் க்ரவுன், கொரோலா ஸ்போர்ட் இரண்டிலும் எல்லாத் தரத்துக்கும் போடத் தொடங்கியது, பிறகு மற்ற மாடல்களுக்கும் பரவியது. துடுப்பை வைத்து முடிவெடுக்க வேண்டாம், வானொலி, ஜிபிஎஸ் அன்ரனாக்களும் அதற்குள் இருக்கும். கூரை விளக்குப் பக்கம் எஸ்ஓஎஸ் பட்டன் இருந்தால் பெட்டி இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் பெட்டி இருப்பது வேறு, அதில் சேவை ஓடுவது வேறு. டொயோட்டாவின் இணையச் சேவையான டி-கனெக்டின் ஒப்பந்தம் ஜப்பான் உரிமையாளர் பெயரில் இருந்தது, உங்கள் பெயரில் எதுவும் இல்லை. பயப்பட வேண்டியவர்கள் சேவையோடு ஓட்டியவர்கள்தான். 2023 மே மாதம் டொயோட்டாவே ஒத்துக்கொண்டது: ஜப்பானில் ஏறக்குறைய 21.5 இலட்சம் வாடிக்கையாளரின் வாகனத் தரவு, எந்த நேரம் எங்கே நின்றது என்பது உட்பட, 2013 நவம்பரிலிருந்து 2023 ஏப்ரல் வரை கிளவுடில் திறந்து கிடந்திருக்கிறது. கள்ளன் பூட்டை உடைக்கவில்லை, இவர்கள் பூட்டவே இல்லை.

பட்டனைப் பற்றி இன்னொன்று. ஜப்பான் காரில் அது போவது அங்குள்ள ஹெல்ப்நெட் என்ற அவசர உதவிச் சேவைக்கு. காலி வீதியில் விபத்து என்றால் போனை எடுத்து அம்புலன்ஸுக்கு 1990 அடியுங்கள்.

ஃபியூஸைப் பிடுங்கினால் முடிந்ததா? கராஜ் பாஸ் ஐந்து நிமிட வேலை என்கிறார். (கொட்டாஞ்சேனை)

பிடுங்குவது ஐந்து நிமிடம்தான், பிறகு வரும் தலையிடியை பாஸ் சொல்லவில்லை போலிருக்கிறது. டொயோட்டாவின் சில மாடல்களில் கைபடாமல் பேசும் மைக்கின் கம்பி டிசிஎம் வழியாகத்தான் போகிறது. ஃபியூஸை எடுத்தால் புளூடூத் அழைப்பில் உங்கள் குரல் மறுபக்கம் கேட்காது, சிலவற்றில் ஒரு பக்க ஸ்பீக்கரும் சேர்ந்து செத்துவிடும். இதற்கென்றே பெட்டியைத் தவிர்த்து இணைக்கும் பைபாஸ் வயர் வெளிநாட்டில் விற்கிறார்கள், பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம், ஆனால் உங்கள் மாடலின் வயரிங் படத்தோடு போங்கள். சில பெட்டிகளுக்குள் சின்ன பேக்அப் பற்றரியும் உண்டு, விபத்தில் பெரிய பற்றரி அறுந்தாலும் உதவி கேட்கட்டும் என்பதற்காக. அதனால் ஃபியூஸ் போனவுடனேயே பெட்டி செத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

அந்தப் பேப்பர் சுற்றும் யோசனையும் வருகிறது, அன்ரனாவுக்கு அலுமினியத் தாள். வேண்டாம். சிக்னல் அரைகுறையானால் பெட்டி டவரைத் தேடித் தேடி பற்றரியைத் தின்னும், டவர் பக்கம் போனதும் எப்படியும் பிடித்துவிடும்.

டாஷ்போர்டைத் திறந்து பெட்டியின் பிளக்கையே கழற்றுவதுதான் உங்கள் முடிவென்றால், முதலில் 12 வோல்ட் பற்றரியின் மைனஸ் முனையை எடுத்து, குறைந்தது 90 விநாடி பொறுங்கள். மஞ்சள் பிளக் எல்லாம் ஏர்பேக், தொடாதீர்கள். ஹைபிரிட்டில் செம்மஞ்சள் கேபிள் உயர் மின்னழுத்தம், அதன் பக்கமே போகாதீர்கள். எதையும் வெட்ட வேண்டாம், விற்கும்போது திருப்பிப் போட வேண்டி வரும்.

என்னிடம் பழைய நிசான் லீஃப். அதிலுமா? (தெஹிவளை)

அதிலும் ஒரு கூத்து நடந்தது. 2016 பெப்ரவரியில் ட்ராய் ஹன்ட் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் காட்டினார்: கண்ணாடிக்குக் கீழே தெரியும் சேசி நம்பர் தெரிந்தால் போதும், கடவுச்சொல் எதுவும் இல்லாமல் ஊரில் எங்கோ நிற்கும் லீஃபின் ஏசியைப் போடலாம், பயண விவரத்தைப் பார்க்கலாம். லீஃபுக்கான போன் செயலியை நிசான் உடனே நிறுத்தியது. உங்கள் காரின் பழைய 3ஜி பெட்டியைப் பற்றிக் கவலைப்படுவதைவிட லீஃப் பற்றரியின் வெப்பத்தைப் பற்றிக் கவலைப்படுங்கள்.

புதுச் சீன மின்சாரக் கார், வாரண்டியோடு. துண்டிக்கலாமா? (பம்பலப்பிட்டி)

நான் துண்டிக்க மாட்டேன். மென்பொருள் திருத்தம் எல்லாம் அந்த இணைப்பில்தான் வருகிறது, பற்றரி தொடர்பான திருத்தமும் அதில் இருக்கலாம். பிறகு வாரண்டி கேட்டுப் போனால், கழற்றியவன் நீ என்று முதலில் விரலை உங்கள் பக்கம்தான் நீட்டுவார்கள். முதலில் திரையில் தனியுரிமைப் பக்கத்தைத் தேடி இடம், குரல், பயணப் பதிவு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மூடுங்கள், செயலியில் உங்கள் உண்மையான பிறந்த திகதி எதற்கு? பெரிய பெயர் என்றால் பத்திரம் என்ற நம்பிக்கையும் வேண்டாம். 2024 கடைசியில் ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் ஏறக்குறைய 8 இலட்சம் மின்சாரக் கார்களின் தரவு வெளியே கிடந்தது தெரியவந்தது, அதில் 4.6 இலட்சம் அளவு காருக்கு எங்கே நிறுத்தினார்கள் என்பதே துல்லியமாக இருந்தது.

லீசிங் காரில் கம்பனி ஜிபிஎஸ் பூட்டியிருக்கிறது. அதை எடுக்கலாமா?

அது காரின் பெட்டி இல்லை, தனிச் சிம் உள்ள வேறு கருவி. உடன்படிக்கையைப் படியுங்கள். பூட்டுவதற்குக் கையெழுத்துப் போட்டிருந்தால், தவணை முடியும்வரை அதில் கை வைக்காதீர்கள்.

எல்லாம் கழற்றியாச்சு. இனி நிம்மதிதானே?

போனை இன்னும் கழற்றவில்லையே. ஹொட்ஸ்பொட்டில் காரை இணைத்தால் நீங்கள் மூடிய கதவுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கதவைத் திறந்து விடுகிறீர்கள். புளூடூத் இணைக்கும்போது தொடர்பு எண்களைப் பகிரவா என்று கேட்டால் பழக்கத்தில் ‘ஆம்’ அழுத்துகிறோம், அவ்வளவும் காருக்குள் போய் உட்காருகிறது. நான் வாங்கிய ரீகண்டிஷன் காரின் வழிகாட்டித் திரையில் ‘வீடு’ என்று ஒரு ஜப்பான் முகவரி அப்படியே இருந்தது, கூடவே ஒரு நீண்ட எண் பட்டியல். மனிதர் காரை விற்றார், வீட்டு முகவரியையும் தெரிந்தவர்களின் எண்களையும் சேர்த்து அனுப்பிவிட்டார். நான் அழித்துவிட்டேன். நீங்கள் விற்கும் நாளில் அமைப்புகளில் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைப்பதை அழுத்தி, செயலிக் கணக்கிலிருந்தும் காரை நீக்கிவிட்டுத்தான் சாவியைக் கொடுங்கள்.