எக்ஸ்ரே நார்மல், ஸ்கேனில் பி-லைன்: எதை நம்புவது?

அப்பாவுக்கு ஃப்ளூ காய்ச்சல், எக்ஸ்ரே நார்மல், ஆனால் நுரையீரல் அல்ட்ராசவுண்டில் 'இரு பக்கமும் பி-லைன்' என்று வந்திருக்கிறது, எதை நம்புவது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டையும் நம்பலாம். வைரஸ் நிமோனியா பெரும்பாலும் நுரையீரலின் ஓரத்தில்தான் தொடங்கும். அதை அல்ட்ராசவுண்ட் சீக்கிரமே பிடித்துவிடும், எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போகலாம்.

பி-லைன் என்பது நுரையீரல் உறையிலிருந்து திரையின் அடிவரை நேராக இறங்கும் வெள்ளைக் கோடு. ஒரு விலா இடுக்கில் ஒன்றிரண்டு இருந்தால் பயமில்லை. மூன்றோ அதற்கு மேலோ இருந்தால்தான் கவனிக்க வேண்டும்.

ஆனால் இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோத்தாலும் இதே கோடுகள் வரும். ரிப்போர்ட்டில் 'உறை ஒழுங்கற்று இருக்கிறது, திட்டுத்திட்டாக' என்று இருந்தால் வைரஸ் பக்கம் சாய்கிறது. உறை வழவழப்பாக, இரு பக்கமும் ஒரே மாதிரி என்றால் எக்கோ (இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன்) தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். அப்பாவுக்கு பிரஷர், சுகர் இருந்தால் கட்டாயம் கேளுங்கள்.

அப்புறம், ஸ்கேனைவிட ஆக்சிமீட்டர்தான் முக்கியம். அதில் ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே போனாலோ, பேசும்போதே மூச்சு வாங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.