டிரெய்லரை ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் யார் நிற்பது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஜீப்பில் மாட்டி இழுக்கும் சிறிய கேம்பிங் டிரெய்லர் வாங்கியிருக்கிறோம். ஏலகிரியில் தங்கப்போன இடத்தின் முற்றத்தில் ரிவர்ஸ் எடுத்தபோது நாலு பேர் பின்னால் நின்று "வா, வா" என்றார்கள். அப்படியும் டிரெய்லரின் மூலை சுவரில் இடித்து நசுங்கிவிட்டது. எங்கே தவறு?
– வாசகர், காட்பாடி

பதில்: நாலு பேர் நின்றதுதான் தவறு. அவரவர் கண்ணுக்குத் தெரிந்த மூலையைப் பார்த்து அவரவர் குரல் கொடுத்தால், டிரைவர் யார் பேச்சைக் கேட்பார்? வழி பார்க்க ஒரே ஆள் போதும். மற்றவர்கள் குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு தள்ளி நிற்கட்டும். "நிறுத்து" என்ற ஒரு சொல்லை மட்டும் யார் வேண்டுமானாலும் கத்தலாம். அது கேட்டதும் காரணம் கேட்காமல் பிரேக்கை மிதிக்க வேண்டும்.

வண்டி நகரும் முன் டிரைவரும் வழி பார்ப்பவரும் இறங்கி, அந்த இடத்தைச் சேர்ந்து நடந்து பாருங்கள். தரையில் வேர், கல், சாக்கடை மூடி இருக்கிறதா? தலைக்கு மேலே வேப்பங்கிளை, சன்ஷேடு, வீட்டுக்கு இழுத்த கரண்ட் வயர் இருக்கிறதா? டிரெய்லரின் உயரத்தை மேலே உள்ள கேரியரையும் சேர்த்து டேப்பால் அளந்து டேஷ்போர்டில் எழுதி ஒட்டிவிடுங்கள். டிரைவர் பக்கத்துச் சக்கரம் ஓட வேண்டிய கோட்டைக் கோலமாவால் தரையில் போட்டு, நிற்க வேண்டிய இடத்தில் ஒரு செங்கல்லைப் படுக்க வைத்தால் பாதி வேலை முடிந்தது.

வழி பார்ப்பவர் நிற்க வேண்டிய இடம் டிரெய்லருக்கு 3, 4 மீட்டர் பின்னால், டிரைவர் பக்கமாக ஒதுங்கி. நம் வண்டிகளில் அது வலப்பக்கம். கண்ணாடியில் டிரைவரின் முகம் உங்களுக்குத் தெரிந்தால்தான் நீங்கள் அவருக்குத் தெரிவீர்கள். முகம் மறைந்தால் நீங்கள் நகர்ந்து சரிசெய்யுங்கள். டிரைவரோ, ஆள் தெரியாத அந்த நொடியே வண்டியை நிறுத்த வேண்டும். இந்த ஒன்றில் மட்டும் சலுகையே கூடாது. டிரெய்லருக்கும் சுவருக்கும் நடுவில் ஒருபோதும் நிற்காதீர்கள். பின்னோக்கி நடக்காதீர்கள், கால் தடுக்கி விழுந்தால் டிரைவருக்குத் தெரியாது. எதிர்ப்பக்கத்து மூலையைப் பார்க்க வேண்டுமானால் வண்டியை நிறுத்தச் சொல்லி, போய்ப் பார்த்து, பழைய இடத்துக்குத் திரும்பிய பிறகு "வா" சொல்லுங்கள். உங்கள் டிரெய்லர் நசுங்கியது இடப்பக்க மூலை என்றால், இந்த நடை நடக்காததுதான் காரணமாக இருக்கும்.

கேள்வி: என் தம்பி "லெஃப்ட்ல ஒடி" என்கிறான். ஸ்டியரிங்கை லெஃப்டில் ஒடித்தால் டிரெய்லர் ரைட்டில் போகிறது. தினமும் சண்டை.
– வாசகர், குடியாத்தம்

பதில்: அவர் சொல்வது டிரெய்லர் போக வேண்டிய பக்கம். நீங்கள் திருப்புவது ஜீப்பின் சக்கரம். ரிவர்ஸில் இரண்டும் எதிரெதிர். லெஃப்ட், ரைட் என்ற சொற்களையே விட்டுவிடுங்கள். அதிலும் "ரைட்" நம் ஊரில் பெரிய ஆபத்து: பஸ்ஸில் ஏறி வளர்ந்த காதுக்கு "ரைட், ரைட்" என்றால் "போகலாம்" என்று அர்த்தம். "இந்தாண்ட", "அந்தாண்ட" என்பதும் உதவாது. சொல்பவருக்கு இந்தாண்ட, கேட்பவருக்கு அந்தாண்ட. லாரிக்காரர்கள் சொல்வது போல "டிரைவர் பக்கம்", "கிளீனர் பக்கம்" என்று சொல்லுங்கள். எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் அவை மாறாது. பேசுவது எப்போதும் டிரெய்லரின் பின்பகுதி போக வேண்டிய பக்கத்தைப் பற்றியே இருக்கட்டும்; ஸ்டியரிங்கை எப்படித் திருப்புவது என்பது டிரைவர் வேலை.

சைகை இன்னும் தெளிவு. பின்பகுதி போக வேண்டிய பக்கம் ஒரு கையை முழுதாக நீட்டுங்கள். நீங்கள் நீட்டிய அதே பக்கம்தான் கண்ணாடியிலும் தெரியும், குழப்பம் வராது. நேராக வர, இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி உங்களை நோக்கி மடக்குங்கள். கடைசி 1 மீட்டரில் இரு உள்ளங்கைகளையும் மிச்சமிருக்கும் இடைவெளி அளவுக்கு விரித்துக் காட்டி, மெல்ல நெருக்குங்கள். நிறுத்த, தலைக்கு மேல் இரு கைகளையும் குறுக்காக. கை எதையும் காட்டாமல் தொங்கினால் அதற்கும் "நில்" என்றே பொருள். பஸ் கண்டக்டர் போல டிரெய்லரைத் தட்டிச் சொல்லாதீர்கள். அந்தச் சத்தம் ஜீப்புக்குள் போகாது, நீங்களும் உரசும் தூரத்தில் நிற்க வேண்டிவரும்.

டிரைவருக்கு ஒரு வழி: ஸ்டியரிங்கின் அடிப்பகுதியை ஒரு கையால் பிடியுங்கள். அந்தக் கை எந்தப் பக்கம் போகிறதோ, டிரெய்லரின் பின்பகுதியும் அந்தப் பக்கமே போகும். கொஞ்சமாகத் திருப்பி, டிரெய்லர் வளையத் தொடங்கியதும் எதிர்ப்பக்கம் திருப்பி அதன் பின்னாலேயே போக வேண்டும். நீளம் குறைந்த டிரெய்லர் சட்டென்று மடங்கும், அதனால் சின்ன டிரெய்லர்தான் கஷ்டம். ஜீப்பும் டிரெய்லரும் 'ட' போல மடங்கிவிட்டால் ஸ்டியரிங்கால் மீட்கப் பார்க்காதீர்கள். டிராபார் (டிரெய்லரை ஜீப்போடு இணைக்கும் இரும்புத் தண்டு) வளையும், ஜீப்பின் பின்மூலை டிரெய்லரில் இடிக்கும். 5, 6 மீட்டர் முன்னால் இழுத்து நேராக்கி மறுபடி வாருங்கள். பின்னால் திரும்பும்போது ஜீப்பின் மூக்கு எதிர்ப்பக்கம் வீசும் என்பதையும் மறக்காதீர்கள். எல்லோர் கண்ணும் பின்னால் இருக்கும்போது முன்பம்பர் பக்கத்து பைக்கைத் தள்ளிவிடும்.

அறுப்பு முடிந்த களத்தில் இரண்டு காலி டிரம்களை 3 மீட்டர் இடைவெளியில் வைத்து, அண்ணன் தம்பி இருவரும் இடம் மாறி மாறிப் பழகுங்கள். வழி பார்ப்பவரும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தால்தான் கண்ணாடியில் எது தெரியாது என்பது புரியும்.

கேள்வி: போனில் பேசிக்கொண்டே வழி சொல்லலாமா?
– வாசகர், ஆற்காடு

பதில்: சைகைக்குத் துணையாக மட்டும். போனில் குரல் சற்றுத் தாமதமாக வரும்; கடைசி அரை மீட்டரில் அது போதும் இடிக்க. மலையில் சிக்னலும் விட்டு விட்டு வரும். போனில் சொல்வதானால் "வா… வா… வா" என்று நிறுத்தாமல் சொல்லுங்கள். குரல் நின்றால் வண்டியும் நிற்க வேண்டும்.

கேள்வி: ஜவ்வாது மலையில் இரவில் சரிவான இடத்தில் நிறுத்த வேண்டிவந்தால்?
– வாசகர், ஆலங்காயம்

பதில்: முடிந்தவரை வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். இல்லையென்றால், டார்ச்சைக் கண்ணாடி மேல் அடிக்காதீர்கள், டிரைவருக்குக் கண் கூசும். ஒரு டார்ச்சைத் தரையில் வைத்து அதன் வெளிச்சத்தை உங்கள் மேல் விழச்செய்து, வெள்ளைச் சட்டையோடு நில்லுங்கள். சரிவில் டிரெய்லருக்குக் கீழ்ப்பக்கம் யாரும் நிற்கக் கூடாது, வழி பார்ப்பவரும்தான்.

நின்றதும் ஹேண்ட்பிரேக். இரண்டு டிரெய்லர் சக்கரங்களுக்கும் இறக்கப் பக்கத்தில் ஆப்பு போல் சீவிய மரக்கட்டை. செங்கல் நொறுங்கும், உருண்டைக் கல் உருளும். பிரேக்கை மெல்ல விட்டு, பாரம் கட்டையில் உட்கார்ந்ததைப் பார்த்து மீண்டும் ஹேண்ட்பிரேக் போடுங்கள். பிறகு ஜாக்கியை இறக்கிக் கொக்கியைக் கழற்றுங்கள். டிரெய்லர் அசையவில்லை என்று உறுதியான பிறகே, ஜீப்போடு அதைப் பிணைக்கும் சங்கிலியை எடுக்க வேண்டும். கட்டை போடாமல் கொக்கியைக் கழற்றுவதுதான் உயிர் போகும் தவறு.

கேள்வி: ஜீப்பை டிரெய்லரோடு சேர்க்கும்போது என் மனைவி நடுவில் நின்று கொக்கியைப் பார்த்துச் சொல்கிறார். சரிதானா?
– வாசகர், ராணிப்பேட்டை

பதில்: வேண்டாம். கிளட்ச்சில் கால் நழுவினால் அவர் இரண்டு இரும்புக்கு நடுவில். பக்கவாட்டில் 2 மீட்டர் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். ஜீப்பின் பின்னால் உள்ள இணைப்புக் குண்டிலும், அதன் மேல் கவிழ்ந்து மாட்டும் டிரெய்லரின் கப்பிலும் ஒவ்வொரு குச்சியை நிமிர்த்தி டேப்பால் ஒட்டினால், உட்கார்ந்த இடத்திலிருந்தே இரண்டும் நேர்கோட்டில் வருவது தெரியும். இன்னொன்று, குண்டும் கப்பும் ஒரே அளவா என்று பாருங்கள். 50 மில்லிமீட்டர் கப்பில் 47.6 மில்லிமீட்டர் குண்டை மாட்டினால் மாட்டியது போலவே இருக்கும், பள்ளத்தில் குதித்தால் கழன்றுவிடும்.

கேள்வி: ரிவர்ஸ் கேமரா இருக்கிறது. ஆள் தேவையா?
– வாசகர், வாணியம்பாடி

பதில்: தேவை. ஜீப்பில் உள்ள கேமராவுக்கு டிரெய்லரின் முன்சுவர்தான் தெரியும். டிரெய்லரின் பின்னால் பொருத்தியது தரையைக் காட்டும். மேலே உள்ள புளியங்கிளையையும் பக்கத்திலிருந்து ஓடிவரும் குழந்தையையும் காட்டாது.