ஷுல்ட்ஹைஸ்: வரி வசூலிப்பவரா, நீதிபதியா?

வணக்கம். 13-ஆம் நூற்றாண்டு சிலேசியாவில் (பெரும்பாலும் இன்றைய போலந்தின் தென்மேற்குப் பகுதி) நடக்கும் கதையை மொழிபெயர்க்கிறீர்கள். அதில் 'ஷுல்ட்ஹைஸ்' என்ற பட்டம் உள்ளவர் ஓரிடத்தில் வரி கேட்கிறார், அடுத்த பக்கத்தில் தீர்ப்புச் சொல்கிறார், ஆசிரியர் குழப்பிவிட்டாரோ என்று கேட்டிருந்தீர்கள். குழப்பமே இல்லை, இரண்டும் அவர் வேலைதான்.

பழைய ஜெர்மனில் அந்தப் பட்டத்துக்கு 'செலுத்த வேண்டியதைச் செலுத்தச் சொல்பவர்' என்று பொருள். 643-இல் இத்தாலியில் ஆண்ட லோம்பார்டு மன்னர் ரோதாரி வெளியிட்ட சட்டத்தொகுப்பிலேயே இந்தப் பதவி வந்துவிடுகிறது.

ஆனால் உங்கள் கதைக்கு முக்கியம் கிழக்குக் குடியேற்றம்தான், அதாவது ஜெர்மானியர்கள் கிழக்கே சிலேசியா போன்ற பகுதிகளுக்குப் போய்க் குடியேறியது. காட்டை அழித்துப் புது ஊர் உண்டாக்க ஆட்களைத் திரட்டி வந்த ஒப்பந்தக்காரருக்கே பெரும்பாலும் இந்தப் பதவி கிடைத்தது, அதுவும் பரம்பரையாக. குத்தகை கட்டத் தேவையில்லாத நிலம், ஊர் நீதிமன்ற அபராதத்தில் மூன்றில் ஒரு பங்கு, பல ஊர்களில் மாவு ஆலையும் மதுக்கடையும் வைக்கும் உரிமை. தீர்ப்புச் சொல்பவருக்கே அபராதத்தில் பங்கு என்றால் ஊரார் முணுமுணுக்க மாட்டார்களா என்ன!

அதனால் 'வரி வசூலிப்பவர்' வேண்டாம், 'ஊர்த்தலைவர்' என்று போடுங்கள். 'மணியக்காரர்' என்றால் வாசகர் நேராகக் கொங்குநாட்டுக்கு வந்துவிடுவார். அப்புறம், கதையில் 'ஷோல்ஸ்' என்று யாராவது வந்தால் அது இதே பட்டத்தின் சிலேசிய வடிவம். பட்டமா, குடும்பப் பெயரா என்று இடம் பார்த்து முடிவு செய்யுங்கள்.