இங்கிலாந்துக்கு ரக்பி ஆட வரும் தம்பிக்கு: மருந்துப் பையை கோத்தகிரியிலேயே சரிபாருங்கள்

தம்பி, முதுகலை படிக்க கோத்தகிரியிலிருந்து இங்கிலாந்து வருகிறீர்கள், ஒரு ரக்பி கிளப் அறையும் சாப்பாடும் தருவதாகச் சொல்கிறது, வீசிங்குக்கு இன்ஹேலர் போடுகிறீர்கள், ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டுமா என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் அந்த அறை. மாணவர் விசாவில் தொழில்முறை விளையாட்டு வீரராக இருக்க முடியாது. கிளப் கையில் பணம் தராமல், பயணம், தங்கல், சாப்பாடு என்று பெரும்பாலான செலவை ஏற்றுக்கொண்டாலும் தொழில்முறை வீரர் கணக்கில்தான் சேர்ப்பார்கள். அரைத் தொழில்முறை அணியில் சும்மா ஆடினாலும் அப்படித்தான். விசா போனால் படிப்பும் போய்விடும். அறையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, எதுவும் வாங்காத அமெச்சூராக ஆடுங்கள். ஏற்கெனவே இந்தியாவில் பதிவுசெய்து ஆடியிருந்தால், நம் நாட்டு ரக்பி சங்கமான ரக்பி இந்தியாவின் கிளியரன்ஸ் (வெளிநாட்டில் ஆட அனுமதி) வந்த பிறகே களத்தில் இறங்க வேண்டும்.

இனி மருந்து. சால்பியூட்டமால் இன்ஹேலருக்குத் தனி அனுமதி தேவையில்லை, ஆனால் அளவு உண்டு: எந்த 8 மணி நேரத்திலும் 600 மைக்ரோகிராம், 24 மணி நேரத்தில் 1600. ஒரு பஃப் 100 மைக்ரோகிராம் என்றால் 8 மணி நேரத்துக்கு ஆறு பஃப். நெபுலைசரில் வைக்கும் ஒரு குப்பியிலேயே 2.5 மில்லிகிராம் இருக்கும், அதாவது அந்த வரம்பைப் போல நான்கு மடங்கு. பனிக்காலத்தில் நம் ஊர் கிளினிக்கில் சர்வசாதாரணமாக வைப்பார்களே, அதற்கு மருத்துவ விலக்கு அனுமதி, அதாவது நோய்க்காகத் தடை மருந்தை எடுக்கத் தரும் அனுமதி, வேண்டும்.

எனக்கு அதிகம் பயம் தருவது இருமல் சிரப்தான். இந்தியாவில் விற்கும் பல சிரப்புகளில் டெர்பியூட்டலினோ லீவோசால்பியூட்டமாலோ கலந்திருக்கிறது. வாய்வழி எடுத்தால் இரண்டுமே ஆட்ட நாள் மட்டுமல்ல, எந்நாளும் தடை. கடைக்காரர் கொடுத்தார், டாக்டர் எழுதினார் என்பதெல்லாம் எடுபடாது. உடம்பில் இருப்பதற்கு ஆட்டக்காரரே பொறுப்பு. சளிக்கு நீலகிரித் தைலம் போட்டு ஆவி பிடியுங்கள், அதில் வம்பில்லை.

வலி மாத்திரையில் டிராமடால் சேர்ந்திருக்கிறதா என்று அட்டையைத் திருப்பிப் பாருங்கள். 2024 ஜனவரி 1 முதல் அது ஆட்டக் காலத்தில் தடை. ஆட்டக் காலம் என்பது ஆட்டத்துக்கு முந்தின இரவு 11.59-க்கே தொடங்கிவிடும். வீக்கத்துக்கும் அலர்ஜிக்கும் போடும் ஸ்டீராய்டு ஊசிக்கும் இதே விதிதான், ஆனால் உடம்பை விட்டுப் போக நாளாகும்: தசையில் போடும் டிரையாம்சினோலோனுக்கு 60 நாள். கிளம்பும் முன் முழங்காலுக்கோ அலர்ஜிக்கோ ஊசி போட்டால், மருந்தின் பெயர், அளவு, போட்ட இடம், தேதி நான்கையும் டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். வீசிங்குக்கு ஸ்பைரோமெட்ரி (ஊதிப் பார்க்கும் மூச்சுச் சோதனை) ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டுவாருங்கள். பின்னால் விலக்கு கேட்க நேர்ந்தால் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

இங்கே எல்லோரும் மருந்தைச் சரிபார்க்கும் குளோபல் டிஆர்ஓ தளத்தில் இந்திய பிராண்டுகள் கிடையாது. அட்டையில் உள்ள மூலப்பொருள் பெயரைப் போட்டுத் தேடுங்கள், அல்லது ஊரில் இருக்கும்போதே இந்திய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான நாடாவின் 'நோ யுவர் மெடிசின்' செயலியில் பாருங்கள். ஜிம்மில் டப்பாவிலிருந்து அள்ளித் தரும் பவுடரைத் தொடவே வேண்டாம். புரோட்டீன் வேண்டுமென்றால் தடை மருந்து கலந்திருக்கிறதா என்று சோதித்துத் தரும் 'இன்ஃபார்ம்டு ஸ்போர்ட்' முத்திரை உள்ளதை இங்கு வந்து வாங்கி, டப்பாவின் பேட்ச் எண் அவர்கள் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

சோதனைக்குக் கூப்பிட்டால் மறுக்காதீர்கள். மறுப்பதே 4 ஆண்டுத் தடைக்குரிய குற்றம். குறைந்தது 90 மில்லி சிறுநீர் வேண்டும், அதை ஏ, பி என இரண்டு பாட்டிலில் நீங்களே ஊற்றி மூடுவீர்கள். அவசரமாக நிறையத் தண்ணீர் குடித்தால் மாதிரி நீர்த்துப்போய் மறுபடி கொடுக்கச் சொல்வார்கள். படிவத்தில் கடந்த 7 நாளில் எடுத்த மருந்து, பவுடர் எல்லாம் எழுதுங்கள், இன்ஹேலரை விட்டுவிடாதீர்கள். உயிரியல் பாஸ்போர்ட்டுக்கு (வீரரின் ரத்த அளவுகளைத் தொடர்ந்து பதிவுசெய்யும் ஏடு) ரத்தம் எடுத்தால், இரண்டு வாரத்துக்குள் 1500 மீட்டருக்கு மேலான இடத்தில் இருந்தீர்களா என்ற கேள்வியும் வரும். உயரமான இடத்தில் இருந்தால் ரத்த அளவுகள் மாறும் என்பதால்தான். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி மூன்றுமே அந்த உயரத்துக்கு மேல். விடுமுறைக்கு ஊருக்குப் போய்வந்த கையோடு சோதனை வந்தால், ஊர்ப் பெயரையும் தங்கிய நாட்களையும் அதில் எழுதிக் கொடுங்கள்.